ரோஸ்டர் எத்தனை நாள் முன்னாடி வருது?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன இதழ்ல நெகிழ்வான வேலை நேரம் பத்தி வந்த கட்டுரைய ரெண்டு தடவை படிச்சேன். நல்லா எழுதியிருந்தாங்க, ஆனா ஒர்க் ஃப்ரம் ஹோம், ஹைபிரிட் (சில நாள் வீடு, சில நாள் ஆபீஸ்), பத்து மணிக்கு வந்து ஏழு மணிக்கு கிளம்பறதுன்னு முழுக்க லேப்டாப்ல வேலை பாக்கறவங்கள பத்தி மட்டும்தான் இருந்துச்சு. வார்டுல இருக்கற நர்ஸ், கவுன்டர்ல நிக்கறவங்க, செக்யூரிட்டி, பஸ் ஓட்டறவங்க இவங்கல்லாம் வீட்ல இருந்து வேலை பாக்க முடியாது, அவங்களுக்கு நெகிழ்வுன்னா என்னன்னு ஒரு வரி கூட இல்லயேன்னுதான் இத எழுதறேன்.

பதினோரு வருஷமா ஷிப்ட் ரோஸ்டர், அதாவது யாருக்கு என்னிக்கு எந்த நேரம் டூட்டின்னு பட்டியல் போடறதுதான் என் வேலை. அதுக்கு முன்னாடி நாலு வருஷம் வேற ஒரு எடத்துல நானே ஷிப்ட் பாத்தேன், அங்க ஞாயித்துக்கிழமை ராத்திரி ஒம்பது மணிக்கு மேலதான் வாட்ஸ்அப் குரூப்ல அடுத்த வார ரோஸ்டர் வரும், திங்கக்கிழமை காலைல ஆறு மணிக்கு யார் வரணும்னு அப்பதான் தெரியும், அதுக்கப்புறம் பிள்ளைய யார்கிட்ட விடறது, டாக்டர் அப்பாயின்ட்மென்ட்ட என்ன பண்றதுன்னு ராத்திரி பன்னெண்டு வரைக்கும் போன் போட்டுட்டு இருப்போம். அதுக்கு பேரு பிளெக்சிபிள் ஷெட்யூலிங், அதாவது நெகிழ்வான வேலை நேரம். வளைஞ்சு குடுத்தது ஆளுங்க மட்டும்தான்.

ஷிப்ட் ஆளுங்களுக்கு மொதல்ல வேண்டியது என்னிக்கு டூட்டின்னு முன்கூட்டியே தெரியறதுதான், அதுக்கு அடுத்துதான் மத்தது. அமெரிக்கால ஓரிகன் மாநிலத்துல 2018ல இதுக்குன்னே சட்டம் அமலுக்கு வந்துச்சு, 500 பேருக்கு மேல இருக்கற சில்லறை வியாபாரம், ஓட்டல் மாதிரி கம்பெனிங்க மொதல்ல 7 நாள் முன்னாடி, 2020 ஜூலைலருந்து 14 நாள் முன்னாடி ரோஸ்டர் குடுக்கணும். கடைசி நேரத்துல கம்பெனி மாத்துனா அதுக்கு தனியா காசு குடுக்கணும்.

இது கட்டுப்படியாகாது, கூட்டம் எப்ப வரும்னு யாருக்கு தெரியும்னு மேனேஜருங்க சொல்வாங்க. என்கிட்டயும் சொல்லியிருக்காங்க. ஆனா அமெரிக்கால கேப் (Gap)ங்கற கம்பெனியோட துணிக்கடைங்கள்ல ஒரு ஆய்வு நடந்து 2018ல ரிசல்ட் வந்துச்சு, 28 கடை, 35 வாரம், அதுல ஷிப்ட் நேரத்த நிலையா வச்ச கடைங்கள்ல விற்பனை 7 சதவீதம் ஏறுச்சு. அத விட எனக்கு முக்கியமா பட்டது வேற, ரோஸ்டர் கடைசி நேரத்துல மாறறதுக்கு கஸ்டமர் மட்டும் காரணம் இல்ல, சரக்கு எப்ப வரும்னு தப்பா சொல்றது, திடீர்னு ஆஃபர் மாத்தறது, மேலதிகாரி விசிட்னு தலைமை ஆபீஸ்லருந்து வர்ற குழப்பமும் நெறய இருந்துருக்கு. இத நான் தெனமும் பாக்கறேன்.

என் டீம்ல ரெண்டு வாரம் முன்னாடி ரோஸ்டர் போட ஆரம்பிச்சப்ப மொத மாசம் ரொம்ப கஷ்டமா இருந்துச்சு, ஏன்னா விசேஷ நாள்னா எல்லாரும் அதே நாளத்தான் லீவு கேப்பாங்க. அதனால யார் போன லீவு நாள்ல வேலை பாத்தாங்கன்னு ஒரு நோட்டுல எழுதி எல்லாரும் பாக்கற மாதிரி வச்சேன். அத எழுதறப்பதான் கவனிச்சேன், கல்யாணம் ஆகாத பசங்களுக்கே திரும்ப திரும்ப நைட் போட்டிருக்கேன், அவங்களுக்கு குடும்பம் இல்லன்னு நெனச்சு. அவங்களுக்கும் அப்பா அம்மா இருக்காங்க, படிப்பு இருக்கு, தூக்கம் வேணும். வாய் திறந்து கேக்காதவங்க தலைலதான் எல்லா மோசமான ஷிப்ட்டும் விழுதுன்னு தெரிஞ்சப்ப மனசு ரொம்ப கஷ்டமாயிடுச்சு.

இப்ப என் டீம் ஆளுங்க அவங்களுக்குள்ளயே ஷிப்ட் மாத்திக்கலாம், அந்த வேலை தெரிஞ்சவங்கதானா, நடுவுல 11 மணி நேரம் ஓய்வு இருக்கான்னு மட்டும் நான் பாப்பேன். ஐரோப்பிய யூனியன் வேலை நேர விதில இருக்கற கணக்கு அது, ராத்திரி பதினோரு மணிக்கு முடிச்சவங்கள காலைல ஆறு மணிக்கு வர சொல்றத விட கொடும வேற இல்ல. அதே மாதிரி காலை, மதியம், நைட்னு முன்னோக்கி சுத்தறது ஒடம்புக்கு ஓரளவு ஒத்துக்கும், நைட்லருந்து மதியம், காலைன்னு பின்னோக்கி சுத்துனா தூக்கம் ரொம்ப கெடும். ஒரு பைசா செலவில்லாம மாத்தக்கூடிய விஷயம் இது, இன்னும் எத்தனையோ எடத்துல பின்னோக்கித்தான் ஓடுது. கடைசி நேரத்துல வரமுடியலன்னு எனக்கு வர்ற போன் இப்ப நல்லா கொறஞ்சிருக்கு, ரெண்டு பேர் ராஜினாமாவ திரும்ப வாங்கிட்டாங்க.

வீட்ல இருந்து வேலை பாக்கறத நான் தப்பு சொல்லல. சீனால சீட்ரிப்ங்கற டிராவல் கம்பெனியோட கால் சென்டர்ல ஒம்பது மாசம் சோதனை பண்ணதுல வீட்ல இருந்தவங்க செஞ்சு முடிச்ச வேலை 13 சதவீதம் கூடுச்சு, ஆனா அது முடிஞ்சதும் அவங்கள்ல பாதி பேரு தனியா இருக்க முடியலன்னு ஆபீசுக்கே திரும்பி வந்தாங்க, ஆளுக்கு ஆள் தேவை மாறுது, கேட்டாத்தான் தெரியும்.

அடுத்த தடவை இத பத்தி எழுதறப்ப ஷிப்ட் பாக்கற நாலு பேர்கிட்டயும் பேசி போடுங்க சார். அடுத்த வார டூட்டி எத்தனை நாள் முன்னாடி ஒங்களுக்கு தெரியும்னு மொதல்ல கேளுங்க.

இப்படிக்கு,
ரோஸ்டர் போடற ஒரு வாசகி