பத்தாவது ஆள்

எருசலேம்,
யோம் கிப்பூருக்கு (யூதர்களின் பாவநிவர்த்தி நாள்) முந்தின வாரம்

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது,

நீ நலமா? ஆச்சி நலமா? ஆச்சியிடம் கேட்டால் "இருக்கான், சாப்பிட்டான்" என்பதோடு நிறுத்திவிடுகிறாள். நான் வாட்ஸ்அப்பில் அனுப்புவதையெல்லாம் நீ பார்க்கிறாய், நீல டிக் விழுகிறது. பதில்தான் வருவதில்லை. சரி, பேச மனசில்லை என்றால் படிக்கவாவது செய்வாய் என்றுதான் தாளில் எழுதுகிறேன். லீவில் ஊருக்குப் போகிற மார்த்தாண்டம் பிள்ளையிடம் கொடுத்துவிடுகிறேன்.

ஞானஸ்நான விருந்தில் நடந்ததை நான் கேட்கப் போவதில்லை. நீயாகச் சொன்னால் சொல். ராத்திரிச் சாப்பாட்டை மட்டும் விடாதே. படுக்கும்போது அறைக்கதவைத் தாழ் போடாதே, ஆச்சிக்கு நடு ராத்திரியில் ஏதாவது என்றால் கூப்பிட வேண்டும் அல்லவா.

இங்கே சபாவுக்குக் கை நடுக்கம் கூடிவிட்டது. நான் பார்த்துக்கொள்கிற பெரியவர்தான், தாத்தாவை இங்கே சபா என்றுதான் கூப்பிடுவார்கள், பேரப்பிள்ளைகளைப் பார்த்து எனக்கும் அதுவே பழகிவிட்டது. கரண்டி பிடிக்க முடியவில்லை, நான்தான் ஊட்டுகிறேன். ஆனால் புத்தி தெளிவு. காலம் முழுக்க ஒரு கடையில் கணக்கெழுதி ஓய்ந்தவர். பெரிய படிப்போ பெரிய பதவியோ கிடையாது. ஆனாலும் சில நாள் விடியற்காலையில் வீட்டுமணி அடிக்கும். தெருமுனை ஜெப ஆலயத்திலிருந்து யாராவது ஒரு பையன் மூச்சு வாங்க நிற்பான். "சபா எழுந்துவிட்டாரா? ஒன்பது பேர்தான் இருக்கிறோம்."

ஆண்கள் பத்துப் பேர் கூடினால்தான் இந்த யூதர்கள் சில ஜெபங்களைச் சொல்லலாம். இறந்தவர்களுக்காகப் பிள்ளைகள் சொல்கிற கதீஷும் அதில் சேர்த்தி. ஒன்பது மோசேக்கள் வந்தாலும் ஆகாது, பத்து செருப்புத் தைக்கிறவர்கள் வந்தால் ஆகும் என்று இவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு. (பெண்களைக் கணக்கில் சேர்க்காதது எனக்குப் பிடிக்கவில்லை. சபாவின் பேத்திக்கும் பிடிக்கவில்லை, பெண்களையும் சேர்க்கிற வேறொரு இடத்துக்கு அவள் போகிறாள்.) நான் சபாவுக்கு ஸ்வெட்டர் போட்டு, கம்பளி சுற்றி, சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு போவேன். போன குளிர்காலத்தில் ஒரு நாள், அப்பாவைப் புதைத்துச் சில நாளே ஆன ஒரு மனுஷன் வாசலிலேயே காத்து நின்றான். நாற்காலி தெருமுனையில் வருவதைப் பார்த்ததும் ஓடிவந்து சபாவின் கையைப் பிடித்துக்கொண்டான். அந்த நேரத்தில் அவனுக்கு இந்த உலகத்திலேயே வேண்டிய ஆள் சபாதான். ஊட்டிவிட்டால்தான் சாப்பிட முடிகிற ஒரு கிழவர்!

அந்தப் பத்துப் பேரையும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணவும் மாட்டார்கள். மனுஷனை எண்ணக் கூடாதாம். 28ஆம் சங்கீதத்தின் கடைசி வசனம் எபிரெயுவில் பத்துச் சொல். ஆளுக்கு ஒரு சொல்லாகச் சொல்லிக்கொண்டே போவார்கள், வசனம் முடிந்தால் ஆள் சரி. யாத்திராகமம் முப்பதாம் அதிகாரத்தில் ஆளுக்கு அரைச் சேக்கல் வாங்குவது வருமே, அதுவும் இதுதான். பணக்காரன் கூடக் கொடுக்கக் கூடாது, ஏழை குறைத்துக் கொடுக்கக் கூடாது, எண்ணுவது காசைத்தான். ஞாயிறு பள்ளியில் நாம் எல்லாரும் வாசித்ததுதான். அன்றைக்கு எனக்கு அது மண்டையில் ஏறவில்லை.

நீ எழுதுகிற பரீட்சையை லட்சக்கணக்கான பேர் எழுதுகிறார்கள். உனக்கு அங்கே ஒரு பதிவு எண் தருகிறார்கள். பட்டியலில் அந்த எண் இல்லை. அவ்வளவுதான் நடந்தது மக்களே. எண்தான் இல்லை.

சனிக்கிழமை மத்தியானம் சபாவின் பேரன் வந்து அவரோடு மிஷ்னா வாசிப்பான். கி.பி. 200 வாக்கில் தொகுத்த சட்டங்கள். அப்படி ஒரு நாள் வாசித்ததைக் கேட்டு எனக்கு வேலை ஓடவில்லை. மரண தண்டனை வரக்கூடிய வழக்கில் சாட்சி சொல்ல வருகிறவனை நீதிபதிகள் முதலில் பயமுறுத்த வேண்டுமாம். ஊகத்தையும் காதில் விழுந்ததையும் வைத்துப் பேசிவிடாதே, பண வழக்கில் தப்பு வந்தால் பணத்தைக் கொடுத்துச் சரிக்கட்டலாம், உயிர் வழக்கில் அவன் ரத்தமும் அவனுக்குப் பிறந்திருக்க வேண்டியவர்களின் ரத்தமும் உன் தலைமேல் விழும் என்று சொல்ல வேண்டும். தேவன் ஆதாமை ஏன் ஒற்றை ஆளாகப் படைத்தார்? ஓர் உயிரை அழித்தவன் ஒரு முழு உலகத்தை அழித்தவன், ஓர் உயிரைக் காத்தவன் ஒரு முழு உலகத்தைக் காத்தவன் என்று காட்டத்தான். என் அப்பன் உன் அப்பனைவிடப் பெரியவன் என்று ஒருத்தன் இன்னொருத்தனிடம் சொல்லாமல் இருக்கவும்தான். மனுஷன் ஒரே அச்சில் நூறு காசு அடித்தால் நூறும் ஒரே மாதிரி இருக்கும், தேவன் எல்லாரையும் ஆதாமின் அச்சில் அடித்தும் ஒருத்தன் மாதிரி ஒருத்தன் இல்லை. ஆகையால் ஒவ்வொருத்தனும் "எனக்காகத்தான் இந்த உலகம் படைக்கப்பட்டது" என்று சொல்லக் கடமைப்பட்டவன்.

சொல்லலாம் என்று இல்லை, சொல்லியே ஆக வேண்டும் என்று இருக்கிறது. பேரனிடம் இரண்டு தடவை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன்.

சில அச்சுப் பதிப்புகளில் "இஸ்ரவேலில் ஓர் உயிர்" என்று இருக்கிறது, பழைய கையெழுத்துப் பிரதிகளில் அந்தச் சொல் இல்லை என்றும் அவன் சொன்னான். நான் ஒன்றே ஒன்று கேட்டேன், ஆதாம் யூதனா என்று. சபா மேசையைத் தட்டிச் சிரித்தார். இப்படி ஒரு வசனத்தை வைத்துக்கொண்டு இந்த நாட்டில் ஏன் இத்தனை சாவு என்று நீ கேட்பாய். வேலிக்கு இந்தப் பக்கமும் பிள்ளைகள் செத்தார்கள், அந்தப் பக்கமும் செத்தார்கள், செய்தியில் எண்ணிக்கை மட்டும் வந்துகொண்டே இருந்தது. அதையும் சபாவிடம் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை, டிவியை அணைக்கச் சொன்னார். எனக்கு வசனத்தின்மேல் கோபம் வரவில்லை. அதை மறக்கிறவர்கள்மேல்தான் கோபம், எந்தப் பக்கமானாலும்.

சித்திரை வாக்கில் இங்கே ஒரு நாள், காலை பத்து மணிக்கு நாடு முழுக்கச் சைரன் ஊதும். இரண்டு நிமிஷம் பஸ், கார், ஆள் எல்லாம் அப்படியே நிற்கும். ஹிட்லர் கொன்ற யூதர்களை நினைக்கிற நாள். அறுபது லட்சம் பேர் என்று நாம் பாடத்தில் ஒரே வரியில் படித்தோம். இங்கே அன்றைக்குப் பேர் பேராக வாசிக்கிறார்கள். யாத் வஷெம் நினைவகத்தில் செத்தவர் ஒவ்வொருத்தருக்கும் ஒரு தாள் நிரப்பிக் கொடுக்கலாம், அதில் பேர், அப்பா அம்மா பேர், ஊர், தொழில். 50 லட்சம் பேர்களைச் சேகரித்துவிட்டார்கள், மிச்சத்தை இன்னும் தேடுகிறார்கள். சபா தன் குட்டித் தங்கச்சிக்காக ஒரு தாள் நிரப்பியிருக்கிறார். இரண்டு வயசுப் பிள்ளைக்கு என்ன தொழில் எழுதுவது? "குழந்தை" என்று எழுதினாராம். அவள் ஒரு வேலையும் பார்க்கவில்லை, ஒரு பரீட்சையும் பாஸாகவில்லை. இத்தனை வருஷம் கழித்தும் ஒரு கிழவர் அவள் பேரைச் சொல்லி அழுகிறார்.

சாப்பிடு மக்களே. ராத்திரி வெறும் டீயோடு படுக்கிறாய் என்று ஆச்சி வாய் தவறிச் சொல்லிவிட்டாள்.

உன்மேல் எனக்கு வருத்தமும் உண்டு. அக்கா குழந்தையை நீ இன்னும் போய்ப் பார்க்கவில்லை. அது என்ன பாவம் செய்தது? நண்பர்கள் வந்தால் இல்லையென்று சொல்லச் சொல்கிறாயாம். ஒக்கிப் புயல் அன்றைக்கு ரப்பர் மரமெல்லாம் முறிந்து ரோட்டை அடைத்துக் கிடந்தபோது, வெட்டுக்கத்தியை எடுத்துக்கொண்டு மழையில் முதலில் இறங்கியவன் நீ. கீழவீட்டுப் பாட்டியை முதுகில் தூக்கி வந்தாய். அப்போது உன்னிடம் யாரும் மார்க் கேட்கவில்லை. இங்கே கூட வேலை பார்க்கிற பிள்ளைகளிடம் நான் எத்தனை தடவை அதைச் சொல்லியிருக்கிறேன் தெரியுமா? அந்தப் பையன் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தால் எனக்குத் தாங்குமா?

ஓய்வுநாளில் இவர்கள் விளக்கு சுவிட்சைக்கூடத் தொட மாட்டார்கள், உனக்குத் தெரியும். ஆனால் சுவர் இடிந்து விழுந்தால் அன்றைக்கும் மண்ணைத் தோண்டியே ஆக வேண்டும். உள்ளே ஆள் இருக்கிறானா இல்லையா தெரியவில்லை, தோண்டு. உயிரோடு இருக்கிறானா செத்துவிட்டானா தெரியவில்லை, தோண்டு. யூதனா அந்நியனா தெரியவில்லை, அப்போதும் தோண்டு. இனி கொஞ்ச நேரம்தான் பிழைப்பான் என்றாலும் விடக் கூடாது. இதுவும் அந்த மிஷ்னாவிலும் அதன்மேல் எழுந்த தல்மூதிலும் இருக்கிறது. நான் ஓயாமல் போன் செய்வது உனக்கு எரிச்சலாக இருக்கும். நான் தோண்டிக்கொண்டிருக்கிறேன், அவ்வளவுதான். நீ உள்ளேயிருந்து ஒரு குரல் கொடு.

கேட்க மாட்டேன் என்று சொன்னேன், கேட்கவில்லை. ஆனால் அந்த விருந்தைப் பற்றி மாமாவிடம் பேசிவிட்டேன். ஆச்சிக்குத் தெரியாது, அக்காவுக்கும் தெரியாது. அண்ணன் முன்னால் உட்கார்ந்துகூடப் பேசாதவள் நான். நாலு பேர் முன்னால் ஒருத்தன் முகத்தை வெளிறச் செய்கிறவன் அவன் ரத்தத்தைச் சிந்தினவன் மாதிரி என்று தல்மூதில் இருக்கிறது. சிவப்பு போய் வெளுப்பு வருவதைக் கண்ணால் பார்க்கிறோமே என்று அங்கே ஒரு ரபி சொல்கிறார். தூக்கில் தொங்கியவன் ஒருத்தன் இருந்த குடும்பத்தாரிடம் "இந்த மீனைத் தொங்கவிடு" என்றுகூடச் சொல்லாதே என்கிற அளவுக்குப் பார்த்திருக்கிறார்கள். இதையெல்லாம் அண்ணனிடம் சொன்னேன். "நீங்கள் பந்தியில் இத்தனை பேர் முன்னால் என் பிள்ளை ரத்தத்தைச் சிந்திவிட்டீர்கள் அண்ணே" என்றேன். விளையாட்டுக்குத்தான் சொன்னேன் என்றார். அப்புறம் ரொம்ப நேரம் பேச்சில்லை. போனை வைக்கப்போகிறார் என்று நினைத்தேன், வைக்கவில்லை.

வருகிற வாரம் யோம் கிப்பூர். ரோட்டில் கார் ஓடாது, பிள்ளைகள் சைக்கிளில் சுற்றுவார்கள், சபா இந்த வயசிலும் உபவாசம் இருக்கப் பார்ப்பார், டாக்டர் சொல்லித் தடுக்க வேண்டும். தேவனுக்கு விரோதமாகச் செய்த பாவங்களுக்கு அந்த நாளில் நிவர்த்தி உண்டு. மனுஷனுக்கு மனுஷன் செய்ததற்குக் கிடையாது, முதலில் அவனிடமே போய் அவன் மனசை ஆற்ற வேண்டும். உனக்குச் செய்ததை உன்னைத் தாண்டித் தேவன் மன்னிப்பதில்லை. உன்னை அவர் அவ்வளவு மதிக்கிறார். இதை வாசித்த ராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

மாமா வீட்டுக்கு வருவார் என்று நினைக்கிறேன். மனசு இறங்காவிட்டால் ஆட்களைக் கூட்டிக்கொண்டு மூன்று தடவை வரை போய்க் கேட்க வேண்டும் என்பது இவர்கள் முறை. அதையும் சொல்லியிருக்கிறேன். ஊரார் முன்னால் சொன்னதை ஊரார் முன்னால்தான் திரும்ப எடுக்க வேண்டும் என்றும் சொன்னேன். அவர் வந்தால் கதவைத் திற. மன்னிப்பதும் மன்னிக்காததும் உன் இஷ்டம், பெரியவர் என்பதற்காக நீ இறங்க வேண்டாம். காபி மட்டும் கொடு.

ஆச்சியின் சர்க்கரை மாத்திரை இந்நேரம் தீர்ந்திருக்கும், நீயே போய் வாங்கு. வெள்ளிக்கிழமை சமையல் முடிந்து மூன்று மணிக்கு மேல் நான் சும்மாதான் இருப்பேன், ஊரில் அப்போது ஐந்தரை. ஒன்றும் பேச வேண்டாம், போனை எடு, போதும். நான் பேசிக்கொள்கிறேன்.

அம்மா