பாறையில் வரைந்த சுரங்கப்பாதை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கார்ட்டூன் படங்கள் பற்றி சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். வேகமாக ஓடும் ஒரு பறவையைப் பிடிக்க கயோட்டி என்ற ஓநாய் அலையும் ரோட் ரன்னர் படங்களை ‘துரத்தலும் விழுதலும்தான்’ என்று ஒரே வரியில் கடந்துவிட்டார்கள். மனசு கேட்கவில்லை. இருபது வருஷம் சுவர் விளம்பரம் எழுதியவன் நான். அந்தப் படங்களில் எனக்கு உயிரான ஒரு காட்சி திரும்பத் திரும்ப வரும். அதைச் சொல்லியே ஆக வேண்டும்.

சக் ஜோன்ஸ் இயக்கி 1949-இல் வந்த முதல் படத்திலேயே அது இருக்கிறது. கயோட்டி ஓநாய் சாலையில் வெள்ளைக் கோடு ஒன்றை நேரே பாறை வரைக்கும் இழுத்துவிட்டு, பாறைமேல் ஒரு சுரங்கப்பாதையை வரைகிறது. பறவை வந்து மோத வேண்டும், அதுதான் திட்டம். பறவையோ வந்த வேகத்திலேயே உள்ளே புகுந்து போய்விடுகிறது. பின்னாலேயே ஓடும் ஓநாய்க்கு மட்டும் அது வெறும் பாறை.

1952-இல் வந்த இன்னொரு படத்தில் இது இன்னும் அழகு. சாலை முடியும் மலை விளிம்பில், சாலை அப்பாலும் தொடர்வது போலத் தீட்டிய திரையை ஓநாய் நிறுத்துகிறது. பறவை படத்துக்குள் ஓடி மறைகிறது. ஓநாய் திகைத்து நிற்கும்போது, அதே படத்துக்குள்ளிருந்து ஒரு லாரி வந்து இடித்துவிட்டுப் போகிறது! சரி, நாமும் போகலாம் என்று அது பாய்ந்தால், திரை கிழிந்து நேரே பள்ளம்தான்.

அந்தப் பாலைவனம், பாறை, சாலை எல்லாமே யாரோ தூரிகையால் தீட்டியவைதானே? அதற்குள் வரைந்த சுரங்கம் மட்டும் ஏன் பொய்யாக வேண்டும்? பறவை அப்படித்தான் நினைக்கிறது என்று எனக்குத் தோன்றும். ஒரு பாலர் பள்ளிச் சுவரில் நான் பாதி திறந்த கதவு ஒன்றை வரைந்தேன். பெயின்ட் காய்ந்ததும் ஒரு குழந்தை ஓடிவந்து கதவின் விளிம்பைப் பிடித்து இழுத்தாள். கையில் சுவர்தான் தட்டுப்பட்டது. அதற்குப் பிறகும் கன்னத்தைச் சுவரோடு ஒட்டவைத்து, திறந்திருந்த பக்கமாக உள்ளே எட்டிப் பார்த்தாள்.

அடுத்த முறை இந்தப் படங்களைப் பற்றி எழுதும்போது, இவற்றில் பல படங்களுக்குக் காட்சிகளை வடிவமைத்த மாரிஸ் நோபிள், பின்னணிகளைத் தீட்டிய பிலிப் டிகார்ட் ஆகியோரின் பெயர்களையும் தயவுசெய்து சேர்த்து எழுதுங்கள்.

அன்புடன்,
ஒரு சுவர் ஓவியன்,
மதுரை.