பெயின்ட்டைப் பார்த்து ஃப்ரேம் வாங்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில், பழைய மலைச் சைக்கிள் வாங்குவது பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். சைக்கிளுக்கு ஒரு முழுப் பக்கம் ஒதுக்கியதே பெரிய விஷயம், அதற்கு நன்றி. ஆனால் அதில் இரண்டு வரிகளைப் படித்ததும் காபி ஆறிப்போனது. இரும்பு ஃப்ரேம் துருப்பிடிக்கும், கனம், அதனால் அலுமினியமே பாருங்கள் என்பது ஒன்று. அப்படியும் இரும்புதான் வேண்டுமென்றால் புதிதாகப் பெயின்ட் அடித்ததாகப் பார்த்து வாங்குங்கள் என்பது இன்னொன்று. பக்கத்தில் பளபளவென்று ஒரு நீலநிற ஃப்ரேம் படம் வேறு.

நான் கோவையில் 31 வருடம் ஆர்கான் வெல்டராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வடவள்ளியிலிருந்து வாரத்தில் நான்கு நாள் காலையில் சிறுவாணி ரோட்டுப் பக்கம் சைக்கிளில் போகிறவன். புதுப் பெயின்ட் அடித்த இரும்பு ஃப்ரேமை வாங்கி ஏமாந்தவனும்கூட. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான்கு வருடத்துக்கு முன்னால் பெங்களூரில் ஒருவரிடம் வாங்கினேன். ஹார்ட்டெயில் என்று சொல்வார்களே, முன்னால் ஷாக் இருக்கும், பின்னால் ஒன்றும் இருக்காது, அந்த வகை. வெறும் ஃப்ரேம் மட்டும் 14,000 ரூபாய். "அண்ணா, புதுசாட்டம் இருக்கும், பார்த்தீங்கன்னா விட மாட்டீங்க" என்றார். அப்படித்தான் இருந்தது. மூன்றாவது வாரம் மருதமலை அடிவாரத்தில் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினேன். வீட்டுக்கு வந்து துடைக்கும்போது ஹேண்டில்பார் தண்டு நுழைகிற கழுத்துக்குக் கீழே, சாய்வாக இறங்கும் டியூபின் அடிப்பக்கத்தில் முடி மாதிரி ஒரு கோடு. நகத்தால் சுரண்டினால் பட்டி பெயர்ந்து வருகிறது. கார் டிங்கரிங்கில் போடுகிற அதே பட்டி! அதற்கு அடியில் டியூப் சுருங்கி மடிந்திருந்தது. எங்கேயோ நேராகப் போய் மோதிய வண்டி அது. 31 வருடம் இரும்போடு பழகியவன், விரலால் ஒரு தடவு தடவிப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கலரைப் பார்த்து மயங்கிவிட்டேன். விற்றவரைக் குறை சொல்ல இந்தக் கடிதத்தை எழுதவில்லை. தப்பில் பாதி என்னுடையது.

எதிரே மோதிய சைக்கிளில் அடி முதலில் தெரிகிற இடம் அந்தக் கழுத்துதான். முன்சக்கரமும் அதைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கும் பின்னால் தள்ளப்படும்போது கழுத்துக்கு ஒன்றிரண்டு அங்குலம் பின்னால் அந்தச் சாய்வு டியூபின் கீழ்ப்புறம் சேலை மடிப்பு மாதிரி சுருங்கும், மேல் டியூபின் அடியிலும் சில சமயம் அப்படியே. கண்ணுக்குத் தெரியாது, கைக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு கட்டைவிரலால் தடவுங்கள். பட்டி போட்டு மறைத்திருப்பார்களோ என்று சந்தேகம் வந்தால் சின்னக் காந்தத்தைத் துணியில் சுற்றி டியூப் நெடுகிலும் நகர்த்துங்கள். பட்டி இருக்கிற இடத்தில் காந்தத்தின் பிடி தளரும். பழைய கார் வாங்குகிறவர்கள் செய்கிற வேலைதான் இது. சைக்கிளுக்கும் ஆகும் என்று எனக்கு ஏமாந்த பிறகுதான் தோன்றியது.

அதனால் என் கணக்கில் சிராய்ப்பும் கீறலும் வெளிறிய பெயின்ட்டும் இருக்கிற ஃப்ரேம்தான் நல்ல ஃப்ரேம். உள்ளது உள்ளபடி தெரியும். பவுடர் கோட்டிங் செய்தது என்றால் ஏன் செய்தீர்கள், செய்வதற்கு முன் எடுத்த படம் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். இருந்தால் சரி.

இப்போது நான் ஓட்டுவது இரண்டாவது ஃப்ரேம். ஆரோவில் பக்கம் சில வருடம் தங்கியிருந்த ஒரு பிரெஞ்சுக்காரர் ஊருக்குத் திரும்பும்போது விற்றுவிட்டுப் போனது. 9,000 ரூபாய். ஸ்டிக்கர் பாதி கிழிந்து ரெனால்ட்ஸ் என்ற பெயர் மட்டும் மிஞ்சியிருந்தது, கூட இருந்த எண் போய்விட்டது. அந்தக் கம்பெனி இங்கிலாந்தில் பர்மிங்காமில் சைக்கிள் டியூப் செய்கிற பழைய கம்பெனி. 1935-ல் 531 என்ற டியூபைக் கொண்டுவந்தார்கள். ரொம்பக் காலம் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தின் கையில் இருந்த கம்பெனி அது. அந்த டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸும் முருகப்பா குழுமமும் சேர்ந்து 1949-ல் தொடங்கியதுதான் நம் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ். அவர்கள் செய்த ஹெர்குலிஸை மிதித்து வளர்ந்தவனுக்கு இது ஏதோ சொந்தக்காரரைப் பார்த்த மாதிரி இருந்தது.

ஆனால் ஸ்டிக்கரை மட்டும் நம்பவும் கூடாது. ஸ்டிக்கர் தனியாக விற்கிறது. அசலாக இருந்தாலும்கூட, பல ஃப்ரேம்களில் முன்னால் இருக்கும் மூன்று பெரிய டியூப் மட்டும் நல்ல சரக்காக இருக்கும், பின்பக்கம் சாதாரண இரும்பு. ஸ்டிக்கரிலேயே பொடி எழுத்தில் அதைப் போட்டிருப்பார்கள். என்னிடம் கேட்டால் ஸ்டிக்கரைவிட, விட்டம் அளக்கிற வெர்னியர் காலிப்பர் உண்மை பேசும். சீட்டைத் தாங்கும் தண்டான சீட் போஸ்ட்டை உருவி அளந்து பாருங்கள். அது இறங்கும் சீட் டியூபின் வெளிவிட்டம் 28.6 மி.மீ. என்று வைத்துக்கொள்வோம், பழைய இரும்பு ஃப்ரேம்களில் பெரும்பாலும் அதுதான். போஸ்ட் 27.2 மி.மீ. என்றால் சுவர் கனம் 0.7 மி.மீ. அளவு. அது குரோமியமும் மாலிப்டினமும் கலந்த பலமான இரும்பான குரோம்-மாலி டியூபாக இருக்க நிறைய வாய்ப்பு. போஸ்ட் 25.4 என்றால் சுவர் 1.6 மி.மீ.; அது கேட் செய்கிற பைப்புக்குத் தம்பி. அந்த ஃப்ரேமைத் தூக்கினாலே தோள் சொல்லிவிடும். நல்ல ஃப்ரேம் இரண்டு கிலோவுக்குக் கொஞ்சம் முன்பின் நிற்கும், மட்டமானது மூன்றைத் தாண்டும். நல்ல டியூப் நடுவில் மெலிந்தும் வெல்டிங் வருகிற இரண்டு முனையிலும் தடித்தும் இருக்கும், 0.9-0.6-0.9 மி.மீ. மாதிரி. நடுவில் சுண்டினால் ஒரு ஓசை, முனையில் சுண்டினால் வேறு ஓசை. இதைப் பேத்திக்குச் செய்து காட்டினேன். இப்போது வீட்டில் உள்ள எல்லாப் பைப்பையும் சுண்டிக்கொண்டிருக்கிறாள்.

சீட் போஸ்ட் உருவ வரவில்லை என்றால் விலை பேசாமல் எழுந்து வந்துவிடுங்கள். "கொஞ்சம் டைட்டா இருக்கு, ஆயில் விட்டா வந்துரும்" என்பார்கள். வராது. இரும்பு டியூபுக்குள் அலுமினியம் போஸ்ட் வருடக்கணக்கில் கிரீஸ் இல்லாமல், மழைத் தண்ணீரோடு உட்கார்ந்தால் இரண்டும் அரித்துப் பூத்து ஒன்றாகிவிடும். நண்பர் ஒருவருக்காக அப்படி ஒன்றை எடுத்தேன். மேலே அறுத்துவிட்டு, ஹேக்ஸா பிளேடை உள்ளே விட்டு போஸ்ட்டை மட்டும் நீளவாக்கில் அறுத்து, சுருட்டி வெளியே எடுக்க இரண்டு நாள் ஆனது. கை காய்த்துப் போனது.

துரு விஷயத்துக்கு வருகிறேன். கட்டுரையாளர் பயமுறுத்துகிற அளவுக்கு ஒன்றுமில்லை. வெளியே தெரியும் துருவை உப்புத்தாள் போட்டுத் தேய்த்துப் பிரைமர் அடித்தால் முடிந்தது. கவலைப்பட வேண்டியது உள்ளே இருக்கிற துருவுக்கு. சீட் போஸ்ட் வழியாக இறங்கும் தண்ணீர் பெடல் அச்சு இருக்கிற பாட்டம் பிராக்கெட்டில் போய்த் தேங்கும். போஸ்ட்டை எடுத்துவிட்டு டார்ச் அடித்துப் பாருங்கள். ஃப்ரேமைத் தலைகீழாக்கிக் குலுக்குங்கள். பொடி கொட்டினால் பரவாயில்லை, தகடு தகடாகச் செதில் விழுந்தால் வேண்டாம். முடிந்தால் பாட்டம் பிராக்கெட்டைக் கழற்றிக் காட்டச் சொல்லுங்கள். இந்த ஃப்ரேம்களில் பெரும்பாலும் பி.எஸ்.ஏ. மரை இருக்கும், அச்சைப் பிடித்திருக்கும் வலது பக்கக் கப் எதிர்த் திருகு. நாம் சைக்கிள் பெயராக அறிந்த அதே பி.எஸ்.ஏ.தான். பர்மிங்காம் துப்பாக்கிக் கம்பெனி வகுத்த மரையளவு இன்றைக்கும் உலகம் முழுக்கப் புழங்குகிறது. மரை நன்றாக இருந்தால் உதிரிக்கு அலைய வேண்டியதில்லை.

ஃப்ரேம் நேராக இருக்கிறதா என்று பார்க்க நூல்கண்டு போதும். பின்சக்கரம் மாட்டும் ஒரு பக்க டிராப் அவுட்டில் நூலைக் கட்டி, முன்னால் கழுத்தைச் சுற்றிக் கொண்டுவந்து, மறுபக்க டிராப் அவுட்டில் விறைப்பாகக் கட்டுங்கள். சீட் டியூபிலிருந்து இரண்டு பக்க நூலுக்கும் உள்ள தூரத்தை அளந்தால் ஒன்றாக வர வேண்டும். ஒரு மி.மீ. வித்தியாசம் பெரிதில்லை. அதற்கு மேல் போனால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், ஏனென்றால் இரும்பை நெம்பி நேராக்க முடியும். அலுமினியத்தில் அதைச் செய்தால் விரிசல்தான் மிஞ்சும்.

அலுமினியமே வாங்குங்கள் என்ற வரியில் எனக்கு மனத்தாங்கல் இங்கேதான். அலுமினியம் கெட்டது என்று சொல்ல மாட்டேன். ஆனால் 6061 அலுமினியத்தை வெல்டிங் செய்தால் வெல்டிங்கை ஒட்டிய பகுதி பலமிழந்துவிடும், மறுபடி சூளையில் வைத்துப் பதப்படுத்தினால்தான் பழைய பலம் வரும். எந்த ஊர் லேத் பட்டறையில் அந்தச் சூளை இருக்கிறது? குரோம்-மாலி டியூபை ஆர்கான் வெல்டிங்கிலோ பித்தளை வெல்டிங்கிலோ ஒட்டிவிட்டு ஆற விட்டால் போதும். மெல்லிய டியூப் என்பதால் ஓட்டை விழாமல் கை நிதானமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். என் ஃப்ரேமில் டிராப் அவுட் பக்கத்தில் விரிசல் மாதிரி ஒன்று தெரிந்தது. பெயின்ட்டை அந்த இடத்தில் மட்டும் சுரண்டிவிட்டு, பட்டறையில் டி.பி. டெஸ்ட் போட்டுப் பார்த்தேன். சிவப்பு மருந்து அடித்து, துடைத்து, வெள்ளை மருந்து அடித்தால் விரிசல் இருக்கிற இடத்தில் சிவப்புக் கோடாக ஊறும். ஊறியது. வெல்டிங் வைத்து மூடினேன், அரை மணி நேர வேலை. ஓடிக்கொண்டிருக்கிறது.

அப்புறம் ஃபோர்க். பழைய ஃப்ரேமை வாங்குகிற இளைஞர்கள் செய்கிற முதல் வேலை, கிடைப்பதிலேயே நீளமான ஷாக் ஃபோர்க்கைக் கொண்டுவந்து மாட்டுவது. அந்த ஃப்ரேம் 80 மி.மீ. அமுங்கும் ஷாக்குக்கு வரைந்தது என்றால் 120 போட்டால் முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். ஃபோர்க் நீளம் 20 மி.மீ. கூடினால் கழுத்துக் கோணம் ஏறக்குறைய ஒரு டிகிரி சாயும். ஏற்றத்தில் முன்சக்கரம் அலையும், நான் மேலே சொன்ன அதே கழுத்தில் கூடுதல் இழுப்பு விழும். விற்கிறவரிடம் பழைய ஃபோர்க் என்ன நீளம் என்று கேளுங்கள்.

26 அங்குலச் சக்கரம் பழசாகிவிட்டது என்று கட்டுரையில் இருந்ததும் நம் ஊருக்குப் பொருந்தாது. வெளிநாட்டுக்காரர்கள் 29-க்குப் போய்விட்டதால்தானே இந்த ஃப்ரேம்கள் நமக்கு மலிவாகக் கிடைக்கின்றன! காரமடையில் டயர் கிழிந்தால் 26 அங்குலம், 1.95 டயர் அங்கேயே கிடைக்கும். டயர் ஓரத்தில் 559 என்ற எண் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், 26 என்ற பெயரில் வேறு அளவுகளும் விற்கின்றன. டிஸ்க் பிரேக் வேண்டுமென்றால் அதை மாட்டும் காது ஃப்ரேமிலேயே இருக்க வேண்டும். ரிம்மைப் பிடிக்கிற சாதா வி-பிரேக் எனக்குப் போதுமானதாக இருக்கிறது.

ஃப்ரேம் அளவாக 18 அங்குலம், 20 அங்குலம் என்று சொல்வது சீட் டியூபின் நீளம் மட்டும்தான். ஹேண்டில்பார் கைக்கு எட்டுமா என்று தெரிய மேல் டியூபை அளந்து கேளுங்கள். என் உயரம் ஐந்தடி ஆறங்குலம். கை எட்டாமல் முதுகு வலித்த பிறகுதான் இது எனக்குப் புரிந்தது. பாட்டம் பிராக்கெட்டுக்கு அடியில் அடித்திருக்கும் எண்ணை யாராவது ராவியிருந்தால் அது திருட்டு வண்டி என்று எடுத்துக்கொள்ளலாம்.

இன்னொன்று. மலைச் சைக்கிளே பழைய இரும்பு ஃப்ரேமிலிருந்து பிறந்ததுதான். 1976-ல் அமெரிக்காவில் கலிஃபோர்னியாவின் மரின் கவுன்டியில் ரீபேக் என்ற மண் இறக்கத்தில் பந்தயம் விட்ட இளைஞர்கள், 1930-களிலும் 40-களிலும் வந்த ஷ்வின் எக்செல்சியர் மாதிரிப் பழைய சைக்கிள்களைத் தேடிப் பிடித்துத்தான் ஓட்டினார்கள். பிரேக் பின் ஹப்புக்குள்ளேயே இருந்ததால் ஒரு முறை இறங்கினாலே அதில் கிரீஸ் கருகிவிடும், மறுபடி கிரீஸ் அடைக்க வேண்டும்; அதனால்தான் அந்தப் பெயர். அவர்களில் ஒருவரான ஜோ பிரீஸ் 1977-ல் குரோம்-மாலி டியூபில் தானே ஒரு ஃப்ரேம் கட்டினார். அதன் பிறகு நடந்ததெல்லாம் வியாபாரம்.

தங்களிடம் ஒரு வேண்டுகோள். திருத்தம் போடுவீர்களோ மாட்டீர்களோ தெரியாது. அடுத்த முறை பழைய ஃப்ரேம் படம் போடுவதாக இருந்தால், கழுத்துக்கு அடிப்பக்கத்தைக் கிட்டப் போய் எடுத்துப் போடுங்கள். படம் இல்லையென்றால் சொல்லுங்கள். அந்த பெங்களூர் ஃப்ரேம் பட்டி பெயர்ந்தபடியே என் வீட்டு மாடிப்படிக்கு அடியில்தான் கிடக்கிறது. யார் வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளலாம், படத்தைச் சொன்னேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வெல்டர் ஒருவர்,
வடவள்ளி, கோவை.