கூடாரம் எங்களிடமே இருக்கட்டும்

அன்பு மகளுக்கு,

ஹூஸ்டன் வீட்டுக்கு நலமாக வந்து சேர்ந்துவிட்டோம். இந்த வயதில் கூடாரத்தில் படுத்து உறங்குவது எதற்கு, விடுதியில் தங்கிக்கொண்டே டெக்சஸைச் சுற்றிப் பார்க்கலாமே என்று நீ கேட்டதற்குத் தொலைபேசியில் முழுமையாகப் பதில் சொல்ல இயலவில்லை. அதனால் எழுதுகிறேன்.

நாங்கள் காணவும் கேட்கவும் விரும்பியவற்றுள் பெரும்பாலானவை இரவிலும் விடியற்காலையிலும்தான் கிடைக்கின்றன. பெடர்னாலஸ் அருவிப் பூங்காவில், வெளிச்சம் வருமுன்பே ஒரு சிறு பறவையின் குரலைக் கூடாரத்துக்குள் இருந்தபடியே அம்மா அடையாளம் கண்டுகொண்டாள். கோல்டன் சீக்டு வார்ப்ளர் என்னும் அந்த மஞ்சள் கன்னப் பறவை, உலகிலேயே மத்திய டெக்சஸில் மட்டும்தான் கூடு கட்டுகிறது. முதிர்ந்த ஜூனிபர் மரத்தின் பட்டையை நார்நாராக உரித்து, சிலந்தி இழையால் பிணைத்துக் கூடு அமைப்பதால், அந்தப் பழைய மரங்களை வெட்டிவிட்டால் அதற்கு வாழ்விடமே இல்லை. காலை உணவை முடித்துவிட்டு விடுதியிலிருந்து கிளம்பி வந்திருந்தால் அந்தக் குரல் எங்களுக்குக் கிடைத்திருக்காது.

பூக்களுக்காகவும் இப்படித்தான் அலைய வேண்டியிருக்கிறது. 1901 முதல் மாநில மலராக விளங்கும் புளூபானட், நம் அவரை, துவரையின் குடும்பத்தைச் சேர்ந்தது. இலையுதிர்கால மழையில் முளைத்து, குளிர்காலம் முழுவதும் தரையோடு தரையாகக் கிடந்து வேர் விட்டு, மார்ச் இறுதியில்தான் நிமிர்ந்து பூக்கிறது. அந்த மழை பொய்த்தால் பூவும் குறைந்துவிடும். எந்த வாரத்தில் எந்தச் சாலையோரம் நிறம் மாறும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாத ஒன்றுக்காகக் காத்திருந்து கிளம்புவது, வேலைக்குப் போன காலத்தில் எங்களால் முடியாத காரியம். பர்னெட்டிலிருந்து லானோ செல்லும் வழியில் வண்டியை நிறுத்தி அம்மா வெகுநேரம் நின்றாள். விதை முற்றும்வரை சாலையோரப் புல்லை வெட்டாமல் விட்டுவைக்கும் நெடுஞ்சாலைத் துறைக்கு நான் மனதார நன்றி சொன்னேன். முன்னாள் அமெரிக்க அதிபர் லிண்டன் ஜான்சனின் மனைவி லேடி பேர்ட் ஜான்சன், நடிகை ஹெலன் ஹேய்ஸுடன் சேர்ந்து 1982-இல் ஆஸ்டினில் தொடங்கிய காட்டுப்பூ மையத்தையும் பார்த்தோம்.

பிறகு மேற்கே பிக் பெண்ட் தேசியப் பூங்கா. செய்தி வராமல் நீ தவித்தது அந்த நாட்களில்தான் என்று தெரியும். பூங்காவின் பெரும்பகுதியில் கைபேசிக்கு அலை கிடைப்பதில்லை. அடுத்த முறை செயற்கைக்கோள் வழியாகச் செய்தி அனுப்பும் கருவியை எடுத்துச் செல்வோம், தங்குமிடங்களின் பட்டியலையும் முன்பே அனுப்பிவிடுவேன். ஆனால் அந்த இரவுகளை உனக்குச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. செயற்கை ஒளி மிகக் குறைவாக இருப்பதால் 2012-இலேயே சர்வதேச இருள்வானப் பூங்காவாக அங்கீகாரம் பெற்ற இடம் அது. சாண்டா எலெனா பள்ளத்தாக்குக்குச் செல்லும் வழியிலுள்ள காட்டன்வுட் முகாமில் ஜெனரேட்டருக்கு அனுமதியில்லை. ஆகவே ஒளியும் இல்லை, இரைச்சலும் இல்லை. விடியலுக்கு முன் பால்வீதி எழுவதை அம்மா போர்வையோடு வெளியே உட்கார்ந்து பார்த்தாள். பகலில் ரியோ கிராண்டே ஆற்றின் ஓரம் வெயில் கொளுத்தினால், சுமார் 5,400 அடி உயரத்திலுள்ள சிசோஸ் மலைப்பகுதிக்கு ஏறிவிடுவோம். அங்கே காற்று குளிர்ந்திருக்கும்.

நீ அஞ்சுவதுபோல் நாங்கள் தரையில் படுப்பதில்லை. மடக்குக் கட்டில் இருப்பதால் அம்மாவின் முழங்காலுக்குத் தொல்லையில்லை. ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு கேலன் குடிநீர் என்று கணக்கிட்டு ஏற்றிக்கொள்கிறோம். கரடிகள் உலவும் இடமாதலால் உணவை முகாமிலுள்ள இரும்புப் பெட்டியில்தான் வைக்கிறோம். வசந்தத்தில் ஆலங்கட்டி மழையும் திடீர் வெள்ளமும் வரும் என்பதால், வானிலை எச்சரிக்கை வந்தால் அன்று கூடாரம் இல்லை, ஊரில் அறைதான். தரைப்பாலத்தில் தண்ணீர் ஓடினால் திரும்பிவிடுவோம். இதில் எனக்கு விட்டுக்கொடுப்பே கிடையாது.

62 வயதைக் கடந்தவர்களுக்குரிய தேசியப் பூங்கா வாழ்நாள் அனுமதி அட்டை இருப்பதால், பிக் பெண்ட் முகாமில் பாதிக் கட்டணம்தான் ஆகிறது. ஆனால் மார்ச் மாதப் பள்ளி விடுமுறையில் இடம் கிடைப்பது அரிது. பல மாதங்களுக்கு முன்பே பதிய வேண்டும். பேரனுக்கு அடுத்த ஆண்டு விடுமுறை எந்த வாரம் என்று தெரிந்தவுடன் எழுது. மாப்பிள்ளையிடமும் கேட்டுச் சொல். நம் ஐந்து பேருக்கும் இடம் பதிந்துவிடுகிறேன், உங்களோடு சேர்ந்து போக அம்மாவுக்கு மிகுந்த ஆசை.

அன்புடன்,
அப்பா