மாலை போட்டவரும் சீட்டைல் ஆல்கஹாலும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பின் சருமப் பராமரிப்புப் பக்கத்தில் ஒரு வரி: "ஆல்கஹால் என்று அச்சிட்டிருக்கும் கிரீம் எதுவானாலும் அன்றே குப்பையில் போடுங்கள்." தங்கள் பேச்சைத் தட்டாத வாசகர் ஒருவர் எங்கள் வீட்டில் இருக்கிறார். என் கணவர்.

வாட்ச் ரிப்பேர் கடை வைத்திருந்தவர். கண்ணில் செருகிக்கொள்ளும் பழைய லென்ஸைத் தேடி எடுத்து, தோல் டாக்டர் எழுதிக்கொடுத்த ட்யூபின் பின்பக்கத்தை வாசலில் உட்கார்ந்து படித்தார். (அந்த எறும்புக்கால் எழுத்தை வேறு எப்படிப் படிப்பது?) மூன்றாவது பெயர் சீட்டைல் ஆல்கஹால். கார்த்திகை மாதம், கழுத்தில் மாலை. கேட்க வேண்டுமா? ட்யூப் தெருமுனைத் தொட்டிக்குப் போனது. மனிதர் அன்று மூன்றாம் முறையாகக் குளித்துவிட்டு வந்தார். வறண்டு வெடித்த காலைச் சொறிந்தபடி அவர் விழித்திருந்த நான்கு இரவுகளும் எனக்கும் தூக்கமில்லை.

மேலூரில் 28 ஆண்டுகள் பிளஸ் டூ வகுப்புக்கு வேதியியல் நடத்தியவள் நான். ஆல்கஹால் என்பது ஒரு குடும்பத்தின் பெயர். அந்தக் குடும்பத்தில் சாராயக் கடைக்குப் போகிறவரும் உண்டு, போகாதவரும் உண்டு. பதினாறு கார்பன் கொண்ட சீட்டைல் ஆல்கஹால், பாமாயிலிலிருந்தும் எடுக்கப்படும் வெள்ளை மெழுகு. கிரீமுக்குக் கெட்டித்தன்மை தரும், தோலை மிருதுவாக்கும். தோலை உலர்த்துவது சாராயத்தில் உள்ள எத்தனால். பட்டியலில் அது பெரும்பாலும் 'டீனேச்சர்டு ஆல்கஹால்' என்று இருக்கும். இதெல்லாம் தாங்கள் அறியாததா? அறிந்தும் அந்த வரி அச்சேறியதே என்றுதான் வருத்தம்.

எலுமிச்சைச் சாறு தடவினால் முகம் பளிச்சிடும் என்று 2019 சித்திரைத் திருவிழாச் சமயத்தில் எழுதியதும் தங்கள் இணைப்புதான். வேதியியல் ஆசிரியையே அச்சை நம்பித் தடவிக்கொண்டு, மதுரை மூன்றுமாவடியில் அழகரை வரவேற்கும் எதிர்சேவைக்கு வெயிலில் நின்றேன். எலுமிச்சையும் வெயிலும் சேர்ந்தால் தோல் வெந்து கருக்கும் என்பது கன்னம் எரிந்த பிறகுதான் உறைத்தது. அழகர் ஆற்றில் இறங்கி மலைக்கும் திரும்பிவிட்டார். கருந்திட்டு ஆடி வரை இறங்கவில்லை. அப்போது எழுதிய கடிதம் வெளிவரவில்லை. 'எல்லா சோப்பும் ஒன்றுதான்' என்ற கட்டுரைக்கு, முதல்தர சோப்பில் மொத்தக் கொழுப்புப் பொருள் 76 சதவீதமாவது இருக்க வேண்டும், 'பேதிங் பார்' என்றால் 40 போதும் என்று எழுதிய கடிதமும் வரவில்லை. குறுக்கெழுத்தில் 'வைகை'க்குக் கொம்பு விட்டுப்போனதைச் சொன்ன தபால் அட்டையாவது வந்து சேர்ந்ததா, தெரியாது.

'சேர்மானப் பட்டியலைப் படித்து ஒப்பிடுங்கள்' என்றும் சென்ற ஞாயிறு பக்கம் உபதேசிக்கிறது. எப்படி ஒப்பிடுவது என்று ஒரு வரி உண்டா? அதிகம் சேர்ந்தது முதலில் வரும், ஒரு சதவீதத்துக்குக் கீழே உள்ளவற்றை எந்த வரிசையிலும் போடலாம். ஃபினாக்ஸிஎத்தனால் என்ற கெடாமல் காக்கும் பொருளை வழக்கமாக ஒரு சதவீதத்துக்கு மேல் சேர்ப்பதில்லை. அட்டையில் பெரிதாய்ச் சிரிக்கும் குங்குமப்பூ அதற்கும் பின்னால் நின்றால், பூவின் வாசம் டப்பாவைத் தாண்டி உள்ளே போகவில்லை என்று அர்த்தம். என் மருமகளின் 599 ரூபாய் டப்பாவிலும் என் 85 ரூபாய் டப்பாவிலும் முதல் மூன்று பெயர்கள் தண்ணீர், கிளிசரின், நியாசினமைடு. தண்ணீரை 'அக்வா' என்று எழுதியதற்குத்தான் மீதிக் காசு போலிருக்கிறது. இதை எழுத இடமில்லாத பக்கத்துக்கு எதிரே, அரைப்பக்கத்தில் சிவப்பழகு விளம்பரம். அதற்கு இடம் இருந்திருக்கிறது, மகிழ்ச்சி.

கேட்பது இவ்வளவுதான்: சீட்டைல், அதே மெழுகு வகையான சீட்டைரில், ஸ்டியரில் ஆல்கஹால்கள் தோலை உலர்த்தும் வகை அல்ல என்று, அதே பக்கத்தில், அதே அளவு எழுத்தில் ஒரு திருத்தம். என் கணவர் நான் சொன்னால் கேட்கமாட்டார், அச்சில் வந்தால்தான் கேட்பார். புது ட்யூப் 285 ரூபாய். பில்லை இத்துடன் இணைக்கவில்லை.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியை,
மேலூர், மதுரை மாவட்டம்.