கீரை கடை, கீரைக் கடை

அன்புள்ள சந்தி,

உன் கடிதம் போன வாரம் வந்தது. வலது கண்ணில் புரை எடுத்தது நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மூச்சு வந்தது. ஒரு மாதம் அச்சகத்தில் பிழை திருத்தும் மெய்ப்புத் தாளைத் தொடக் கூடாது என்று டாக்டர் சொன்னாராமே. சொட்டு மருந்துப் பாட்டிலில் ஒட்டியிருக்கும் காகிதத்திலாவது ஓர் ஒற்றுப்பிழையை இதற்குள் பிடித்திருப்பாய், எனக்குத் தெரியும். விடுதிப் பலகையில் 'இன்று கோழிகறி' என்று எழுதியிருந்ததற்காகச் சாப்பிடாமல் எழுந்து போனவள் அல்லவா நீ? (சாப்பிட்டு முடித்து, கை கழுவிவிட்டுப் போய்த்தான் திருத்தினாய். கதை வளர்ந்துவிட்டது, இனிமேல் மாற்ற முடியாது.) அன்றைக்கு வைத்த 'சந்தி' என்ற பெயர் முப்பது வருடமாக உன்னோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது. உறையின் மேல் உன் நிஜப் பெயரை எழுதும்போது யாரோ தெரியாதவருக்கு எழுதுவது போல இருக்கிறது.

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி. வெறும் 'வலி' என்று எழுதினால் போதாதாம், 'உசுரு போகுது' என்று எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன். மற்றபடி ஒரே ஒரு செய்திதான். எங்கள் பள்ளி மணியை நான் திருடினேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். எட்டாம் வகுப்பு எப்படி எழுதுகிறது என்று கேட்டிருந்தாய். 38 பேர். வாய் திறந்தால் அருவி, பேனாவைத் திறந்தால் பஞ்சம். சொல்வதை எழுதுதல் வைப்பேன், சிவப்பு மையால் சுழிப்பேன், ஐந்து முறை எழுதச் சொல்வேன். 'பறவை' என்று ஐந்து முறை முத்து முத்தாக எழுதிய பையன் மறுநாள் கட்டுரையில் 'பரவைகள் கூட்டமாகப் பறந்தன' என்று எழுதுவான். பரவை என்றால் கடல், கடல் எப்படியப்பா பறக்கும் என்று கேட்டால் வகுப்பு சிரிக்கும், அவனும் சேர்ந்து சிரிப்பான், அத்தோடு சரி. அவனைக் குறை சொல்லிப் பயனில்லை. எங்கள் பக்கத்துப் பேச்சில் ரகரமும் றகரமும் ஒன்றாகி எவ்வளவோ காலம் ஆயிற்று. காதில் விழாத வேறுபாட்டைக் கையிலிருந்து எதிர்பார்க்கிறோம். அவனைப் பொறுத்தவரை அந்த எழுத்து மாறியதால் எதுவும் கெட்டுப்போகவில்லை, யாரும் மாட்டிக்கொள்ளவில்லை. யாராவது மாட்டிக்கொண்டால் என்ன என்று தோன்றியது.

தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு, ஒரு வெள்ளிக்கிழமை மதியம், வெண்கல மணியின் நாக்கில் துணியைச் சுற்றிக் கழற்றி, சத்துணவுக் கூடத்தில் அரிசி டிரம்முக்குப் பின்னால் வைத்தேன். மேசையில் ஒரு மொட்டைக் கடிதம்:

'மணி என்னிடம் பத்திரமாக இருக்கிரது. மூளையில் தேடாதீர்கள். நாளை காளை வைத்துவிடுகிரேன்.'

காளையை வைக்கப்போகும் திருடன் என்று வகுப்பு ஐந்து நிமிடம் ஆடித் தீர்த்தது. பிறகு நான்கு விடுப்புக் கடிதங்களைக் கொடுத்தேன். காவலாளி, தோட்டக்காரர், சமையலக்கா, தமிழாசிரியை ஆகிய நால்வரும் எழுதியவை, அதாவது நானே கை மாற்றிக் கை மாற்றி எழுதியவை. இந்த நால்வரில் மொட்டைக் கடிதம் யாருடையது என்று கண்டுபிடிக்க வேண்டும்.

முதலில் சமையலக்காவைத்தான் பிழைக்காரியாக வைத்திருந்தேன். மணியை ஒளித்து வைக்க அவரிடம் சாவி கேட்கப் போனபோது விஷயத்தைச் சொன்னேன். 'திருடியாப் போடுங்க, பரவால்ல. தப்பா எழுதுறவளாப் போடாதீங்க. பத்தாவதுல தமிழ்ல எம்பது மார்க்கு எடுத்தவ நான்' என்றார். கன்னத்தில் அறை வாங்கியது போல ஆகிவிட்டது. சட்டி கழுவுகிறவர் என்றால் பிழையோடுதான் எழுதுவார் என்று என் கை தானாக எழுதியிருக்கிறது பார். வீட்டுக்குப் போய் எல்லாவற்றையும் மாற்றினேன். சமையலக்காவின் கடிதத்தில் ஓர் எழுத்துப் பிழைகூடக் கிடையாது, நிறுத்தற்குறி மட்டும் மருந்துக்கும் இல்லை. காவலாளிக்கு னகர ணகரத் தடுமாற்றம், 'பனிக்கு வர இயலவில்லை' என்பார். தோட்டக்காரர் 'மறங்களுக்குத் தண்ணீர் விட வேண்டும்' என்று வீரத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார். தமிழாசிரியையோ 'கடுமையான தளைவலியாள் விடுப்பு வேண்டுகிரேன்' என்று எழுதியிருந்தாள். யாப்பு நடத்துகிறவளுக்குத் தளைவலி வருவது பொருத்தம்தானே!

அரை மணி நேரம் சந்தி, ஒருவர்கூட என் மேல் சந்தேகப்படவில்லை. தோட்டக்காரரைப் பிடித்துக்கொண்டார்கள், அவருக்குத்தான் ர, ற குழப்பம் என்று. கடைசி வரிசையில் ஒரு பெண், அதிகம் பேசாதவள், நோட்டில் கட்டம் போட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து சொன்னாள்: 'டீச்சர், தோட்டக்காரர் சின்ன ர வர்ற எடத்துல பெரிய ற போடுறாரு. மொட்டக் கடுதாசில தலகீழா இருக்கு.' பிறகு கொஞ்சம் தயங்கி, 'உங்க லெட்டர்லதான் டீச்சர் அப்படி இருக்கு' என்றாள். வகுப்பு உறைந்துவிட்டது. எல்லோரும் என் கடிதத்தை மறுபடி எடுத்தார்கள். மூன்று முறை படித்தும் 'தலைவலி' என்றே படித்திருக்கிறார்கள். டீச்சர் எழுதியது சரியாகத்தான் இருக்கும் என்று கண் தானாகத் திருத்திப் படித்துவிட்டது. பெரிய எழுத்தாளர் பிரதி வந்தால் பத்தியைக் கடைசி வரியிலிருந்து மேலே படிப்பேன், இல்லாவிட்டால் பிழை தெரியாது என்று நீ ஒரு முறை எழுதியிருந்தாயே, அதன் அர்த்தம் அன்றைக்குத்தான் எனக்கு முழுதாக விளங்கியது.

அந்தச் சூட்டோடு ஒரு நிஜ வழக்கையும் சொன்னேன். 1932-இல் அமெரிக்காவில் விமானி லிண்ட்பெர்கின் கைக்குழந்தையைக் கடத்தி, பணம் கேட்டுத் தொடர்ந்து கடிதம் எழுதினார்கள். அவற்றில் படகைக் குறிக்கும் 'boat' என்ற ஆங்கிலச் சொல் 'boad' என்று நிற்கும், 'நல்ல' என்பதற்கு ஆங்கிலச் சொல் வராமல் ஜெர்மன் சொல் வந்து விழும். எழுதியவர் ஜெர்மன் பேசி வளர்ந்தவராக இருக்க வேண்டும் என்று அதை வைத்து ஊகித்தார்கள். 1935-இல் ஹாப்ட்மன் என்ற ஜெர்மன்காரர் மீது வழக்கு நடந்தபோது கையெழுத்தோடு பிழைகளும் சாட்சிக்கு வந்தன. மறு ஆண்டு அவருக்கு மரண தண்டனை நிறைவேறியது. அவர்தான் செய்தாரா என்று இன்றைக்கும் வாதாடுகிறவர்கள் உண்டு, அதையும் சொன்னேன். 'அப்போ தப்பா எழுதுனா தூக்கா டீச்சர்?' என்றான் ஒருவன். அவனுக்கு 'தூக்கு' சரியாக எழுத வரும்.

நான் மிகவும் ரசித்தது சாட்சி வாக்குமூலம். தோட்டக்காரர் எழுதிக் கொடுத்ததாக ஒரே வரி:

நான் மணியைத் தொடவே இல்லை என்று காவலாளி சொன்னார்

இதில் 'நான்' யார்? நாம் பேசும்போது 'நான் வரலன்னு சொன்னான்' என்போம். வராதது அவனாகவும் இருக்கலாம், நானாகவும் இருக்கலாம். குரல் காட்டிக்கொடுத்துவிடும். தாளில் குரலுக்கு எங்கே போவது? பாதி வகுப்பு காவலாளி பக்கம், பாதி தோட்டக்காரர் பக்கம். ஒருவன் பலகைக்கு வந்து மேற்கோள்குறி போட்டுக் காட்டினான். குறி போட்டால் காவலாளி தன்னைப் பற்றிச் சொல்கிறார். போடாவிட்டால் தோட்டக்காரருக்காகச் சாட்சி சொல்கிறார் என்றும் எடுத்துக்கொள்ளலாம். 'மேல நாலு கொம்பு, அதுல ஒரு ஆளு தப்பிச்சிருச்சு' என்றான். மேற்கோள்குறி நடத்திய இத்தனை வருடத்தில் நான் இதைவிடத் தெளிவாகச் சொன்னதில்லை.

கடைசிச் சீட்டில்தான் நான் விழுந்தேன். மணி எங்கே என்பதற்கான துப்பு: 'கீரை கடை. அங்கே மணி.' பள்ளி வாசலுக்கு எதிரே ஒரு பாட்டி கீரைக் கடை வைத்திருக்கிறார். 'க்' இல்லாததைக் கவனித்தால், கடைந்த கீரை, மத்து, சமையல், ஆகவே சத்துணவுக் கூடம். கவனிக்காதவர்கள் பாட்டி கடைக்கு ஓடுவார்கள். கீரையை விற்கும் கடை என்பதில் 'ஐ' உருபும் 'விற்கும்' என்ற சொல்லும் மறைந்து நின்றால் 'க்' மிகும், கீரையைக் கடை என்று ஏவும்போது 'ஐ' மட்டும் மறைந்தால் மிகாது. எவ்வளவு அழகான துப்பு! இரண்டு நாள் என்னை நானே மெச்சிக்கொண்டிருந்தேன்.

பாதிப் பேர் பாட்டி கடைக்கு ஓடினார்கள். மீதிப் பேர் சத்துணவுக் கூடத்துக்குப் போய், மணியைத் தூக்கி வந்து, நாக்கில் இருந்த துணியை அவிழ்த்து அடித்து ஊரையே கூட்டினார்கள். கடைக்குப் போன கூட்டத்தில் இருந்த ஒருவன் மூச்சிரைக்கத் திரும்பி வந்தான். 'பரவை' எழுதிய அதே பையன். 'இது கள்ளாட்டம் டீச்சர். நான் ஒத்தப் பாத்துட்டுத்தான் போனேன். பாட்டி கடை போர்டுலயே க் இல்ல. கீரை கடைன்னுதான் இருக்கு. சீட்டுல இருக்குறது அந்தக் கடை பேருதான்.'

போய்ப் பார்த்தேன். பச்சைப் பெயின்டில் 'கீரை கடை' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. தினமும் அதைத் தாண்டித்தான் பள்ளிக்குப் போகிறேன். கீரையும் வாங்குகிறேன். ஒரு நாளும் கண்ணில் பட்டதில்லை.

அவனுக்கு என்ன பதில் சொல்வது? போர்டு தப்பு என்று சொல்லிவிட்டேன், சொல்லும்போதே பிசிறடித்தது. மறு வாரம் அவன் ஒரு நோட்டோடு வந்தான், பேருந்தில் வரும் வழியில் எழுதிய பட்டியல். 'மருந்து கடை' இரண்டு. 'தேனீர்' நான்கு. 'சில்லரை தரவும்.' 'எண்ணை' என்று ஒரு செக்குக்காரர். ஒரு மதில் முழுக்க 'சுவற்றில் விளம்பரம் செய்யாதீர்.' அது சுவரில் என்று இருக்க வேண்டும், நடுவில் 'ற்றி' வர வழியே இல்லை என்று அவனே கண்டுபிடித்திருந்தான். எல்லோரும் தப்பாக எழுதினால் அது எப்போது சரியாகும் டீச்சர் என்று கேட்டான். தலைப்புகளில் ஒற்றெழுத்தை விட்டுவிடுவதைப் பற்றி உன் அச்சகத்தில் என்ன முடிவு எடுத்திருக்கிறீர்கள்? நீ விட்டுக்கொடுக்கிறாயா? ஒழுங்காகப் பதில் எழுது, வகுப்பில் படித்துக் காட்டப்போகிறேன்.

என் சொந்த அபிப்பிராயத்தைக் கேட்டால், ல, ள, ழ பிழைக்கும் ஒற்றுக்கும் ஒரே தண்டனை கொடுக்க எனக்கு இப்போது மனமில்லை. மூலையை மூளை என்று எழுதினால் படிப்பவர் தடுக்கி விழுகிறார். கீரை கடைக்கு யாரும் மத்தோடு போவதில்லை, என் வகுப்பைத் தவிர. ஆனால் 'வேலை கொடு', 'வேலைக் கொடு' என்று வரும்போது ஒருவன் கையில் உத்தியோகமா வேலாயுதமா என்பதே அந்த 'க்' ஒன்றில் இருக்கிறதே, அதை எப்படி விடுவது?

புள்ளியும் கோடும் இல்லாமல் அந்தக் காலத்தில் எப்படிப் படித்தார்கள் என்று ஒரு பெண் கேட்டதால், அடுத்த புதிரை ஓலை பாணியில் போட்டேன். நீளமான காகிதத் துண்டில் இடைவெளி இல்லாமல்: 'எரிககரையிலதெடு.' மெய்க்குப் புள்ளி கிடையாது. ஏகாரத்துக்குத் தனி வடிவமும் கிடையாது, வீரமாமுனிவர் பதினெட்டாம் நூற்றாண்டில் பிரித்துக் கொடுத்ததுதானே நாம் இன்று எழுதுவது. 'ஏரிக்கரையில் தேடு' என்று கண்டுபிடிக்கப் பதினோரு நிமிடம் ஆயிற்று. நடுவில் ஒரு குழு எதையோ எரிக்கக் கிளம்பிவிட்டது. காற்புள்ளியெல்லாம் அச்சோடு வந்தது, தமிழ் உரைநடையில் அதை ஊன்றிப் பழக்கியவர்களில் ஆறுமுக நாவலர் முக்கியமானவர் என்றேன். 'அவருக்கு நன்றி சொல்லணும் டீச்சர்' என்றாள், புள்ளியே வைக்காமல் இரண்டு பக்கம் எழுதுகிறவள்.

எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்துவிடாதே. கட்டுரை நோட்டில் பரவைகள் இன்னும் பறக்கின்றன, கொஞ்சம் குறைவாக. எழுதிவிட்டு ஒரு முறை சந்தேகத்தோடு திரும்பிப் பார்க்கிறார்கள், அவ்வளவுதான் கண்ட பலன். பலகையில் நான் எழுதுவதையும் அப்படித்தான் பார்க்கிறார்கள். போன செவ்வாய்க்கிழமை இரண்டு முறை மாட்டிக்கொண்டேன்.

நேற்று முருங்கைக் கீரை வாங்கப் போனேன். பாட்டி கடை போர்டில் பச்சை எழுத்துக்கு நடுவே, வெள்ளைச் சாக்பீஸில், ஒரு 'க்' செருகியிருந்தது. இடம் போதாமல் கொஞ்சம் சாய்ந்து நின்றது. கையெழுத்து எனக்குத் தெரிந்ததுதான். பாட்டி கட்டை உதறிக் கொடுத்துக்கொண்டே சொன்னார்: 'ஒங்க புள்ளைங்க வந்து என்னமோ புள்ளி வச்ச எழுத்து ஒண்ணப் போட்டுட்டுப் போனானுங்க டீச்சர். நாலு நாளாச்சு. யாவாரம் ஒண்ணும் கூடல.'

கண்ணுக்கு மருந்து விட மறக்காதே.

உன்,
கனகா