மேயர் இருந்த நகரமும் மறைந்துபோன அதன் எல்லையும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சிடிசி பற்றுச்சீட்டுகள் வழங்கப்படத் தொடங்கிய பிறகு, சமூக மேம்பாட்டு மன்றங்களின் (சிடிசி) பெயரை அறியாத வீடு சிங்கப்பூரில் இல்லை என்று சொல்லிவிடலாம். அதைப் பற்றி எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் அண்மையில் பேச்சு வந்தபோது, நன்கு படித்த நண்பர் ஒருவர், இம்மன்றங்களின் தலைவர்களுக்கு உரிய மேயர் என்ற பதவியே இம்மன்றங்களோடுதான் இந்நாட்டுக்கு வந்தது என்றும், முழு நாடும் ஒரே ஊராக இருக்கும் இத்தீவில் அதற்கு முன் உள்ளாட்சி என்ற ஒன்று இருந்ததே இல்லை என்றும் உறுதியாகக் கூறினார். உடனிருந்தவர்களில் யாரும் அதை மறுக்கவில்லை. பள்ளியில் வரலாறு படித்த பேரப்பிள்ளைகளும் தலையாட்டினார்கள். அதனால்தான் இக்கடிதத்தை எழுத வேண்டியதாயிற்று.

சிங்கப்பூரில் உள்ளாட்சி இருந்தது. அதற்கு ஓர் எல்லையும் இருந்தது. ஆங்கிலேயர் ஆட்சியில் இத்தீவு கல்கத்தாவிலிருந்து ஆளப்பட்டபோது, இங்கு நகராட்சியை முறைப்படுத்திய 1856ஆம் ஆண்டுச் சட்டங்களும் அங்குதான் இயற்றப்பட்டன. வரி செலுத்துவோர் வாக்களித்து ஆணையர்களில் சிலரைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் அந்நாளிலேயே இருந்தது. பின்னர், 1887ஆம் ஆண்டு நகராட்சிச் சட்டம் நகரப் பகுதியை வேறாகவும் கிராமப்புறத்தை வேறாகவும் பிரித்தது. எல்லைக்கு உட்பட்ட சாலை, சாக்கடை, விளக்கு, தண்ணீர், சந்தை ஆகியவற்றை நகராட்சி கவனித்தது. எல்லைக்கு வெளியே இருந்த தோட்டங்களுக்கும் கம்பங்கள் எனப்பட்ட கிராமங்களுக்கும் 1908இல் கிராமப்புற வாரியம் ஒன்று அமைந்தது. நகரம் வளர வளர இந்த எல்லை வெளிநோக்கி நகர்ந்துகொண்டே போனது. ஆயினும், ஒருவர் குடியிருந்த வீடு எல்லைக்கு எந்தப் பக்கத்தில் இருந்தது என்பதைப் பொறுத்தே அவருக்கு எந்த அலுவலகம் பொறுப்பு என்பது முடிவாயிற்று.

அன்றைய நகராட்சியின் பெயர்கள் இன்றும் நம் நாவில் புழங்குகின்றன, நாம்தான் அவற்றை அடையாளம் காண்பதில்லை. காலையில் நடைப்பயிற்சிக்குச் செல்லும் மெக்ரிட்சி நீர்த்தேக்கம், 1883 முதல் நகராட்சிப் பொறியாளராக இருந்த ஜேம்ஸ் மெக்ரிட்சியின் பெயரைத் தாங்குகிறது. பீர்ஸ் நீர்த்தேக்கத்துக்குப் பெயர் தந்த ராபர்ட் பீர்ஸ், அவருக்குப் பின் அதே பதவியை வகித்தவர். நகர மண்டபம் எம்ஆர்டி நிலையத்தில் நாள்தோறும் இறங்கி ஏறும் ஆயிரக்கணக்கானோரில் எத்தனை பேர், அந்த மண்டபம் எந்த நகரத்துக்கு உரியது என்று ஒருமுறையேனும் கேட்டிருப்பார்கள்? 1929இல் நகராட்சிக் கட்டடமாகக் கட்டி முடிக்கப்பட்டு, 1951இல் பெயர் மாற்றம் பெற்ற அக்கட்டடம் இன்று தேசிய கலைக்கூடத்தின் ஒரு பகுதி. நிலையத்தின் பெயரில் மட்டும் நகரம் எஞ்சி நிற்கிறது.

இந்த நகராட்சியின் வரலாறு நேராக முன்னேறிய கதையும் அன்று. 1913இல் ஆணையர் தேர்தலே நிறுத்தப்பட்டது. அதன்பின் ஆளுநர் நியமித்தவர்களே நகரை நிர்வகித்தனர். முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 1949இல், 27 ஆணையர்களில் 18 பேரை மக்கள் தேர்ந்தெடுக்கும் முறை மீண்டும் வந்தது. நகரம் ஆறு வட்டாரங்களாகப் பிரிக்கப்பட்டிருந்தது. 1951 செப்டம்பர் 22ஆம் நாள் மன்னர் ஆறாம் ஜார்ஜின் சாசனம் சிங்கப்பூருக்கு மாநகர் என்ற தகுதியை அளித்தது. அத்தகுதி தீவு முழுமைக்கும் உரியதன்று, நகராட்சி எல்லைக்கு உட்பட்ட பகுதிக்கு மட்டுமே உரியது என்பது இன்று பலருக்கு வியப்பாக இருக்கும்.

1957 டிசம்பரில் நடந்த தேர்தலில்தான் மாநகர மன்றத்தின் 32 இடங்களும் மக்களால் நிரப்பப்பட்டன. மக்கள் செயல் கட்சி 13 இடங்களைப் பிடித்தது. அக்கட்சியின் ஓங் எங் குவான் மேயரானார். மாநகர் தகுதியின் நினைவாகத் தொழிலதிபர் லோக் வான் தோ அளித்திருந்த செங்கோலை, காலனியாட்சியின் சின்னம் என்று கருதி மன்றத்திலிருந்து அகற்றியது அவர் காலத்தில் பெரிதாகப் பேசப்பட்டது. அவருடைய நிர்வாகத்தைக் குறித்து இரு வேறு கருத்துகள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. நான் அதற்குள் போகவில்லை. ஆனால் அடுத்து நடந்ததை யாரும் கவனிக்காமல் இருக்க முடியாது. 1959இல் சுயாட்சி அரசு பொறுப்பேற்றதும் மாநகர மன்றத்தின் அதிகாரங்கள் தேசிய வளர்ச்சி அமைச்சிடம் ஒப்படைக்கப்பட்டன. அதன் அமைச்சரும் அதே ஓங் எங் குவான். தாம் மேயராக இருந்த மன்றத்தை அமைச்சராகத் தாமே வாங்கிக்கொண்டார்! தண்ணீர், மின்சாரம், எரிவாயு ஆகிய பணிகள் 1963 மே 1ஆம் நாள் பொதுப் பயனீட்டுக் கழகத்திடம் சென்றன. கிராமப்புற நிர்வாகமும் அரசுத் துறைகளுக்குள் கரைந்துபோனது. இவ்வளவு சிறிய தீவுக்கு இரண்டு அடுக்கு நிர்வாகம் எதற்கு என்ற அன்றைய வாதத்தில் நியாயம் இருந்ததை நான் மறுக்கவில்லை.

அதன் பிறகு வந்தவை அடுக்கடுக்கான கோடுகள். 1986இல் அங் மோ கியோவில் முன்னோட்டமாகத் தொடங்கி, 1988ஆம் ஆண்டுச் சட்டத்தால் நிலைபெற்ற, குடியிருப்புப் பேட்டைகளைப் பராமரிக்கும் நகர மன்றங்கள் தேர்தல் தொகுதிகளின் எல்லையைப் பின்பற்றுகின்றன. 1997இல் ஒன்பதாகத் தோன்றி, 2001இல் ஐந்தாகக் குறைக்கப்பட்ட சமூக மேம்பாட்டு மன்றங்களுக்குத் தொகுதிகள் பலவற்றைச் சேர்த்து வகுத்த வேறோர் எல்லை. நகர மறுசீரமைப்பு ஆணையத்தின் 55 திட்டப் பகுதிகள் தனி. வீடு வாங்குவோரும் விற்போரும் இன்றும் பேசுவது பழைய 28 அஞ்சல் வட்டாரங்களை. நிலப் பத்திரத்தை எடுத்துப் பார்த்தால், நிலப் பிரிவைக் குறிக்கும் ‘முக்கிம்’ என்ற மலாய்ச் சொல் இன்னும் எண்ணோடு நிற்கிறது.

என் நிலையையே எடுத்துக்காட்டுகிறேன். நான் சிராங்கூன் அவென்யூ 2இல் குடியிருக்கிறேன். திட்டப் பகுதிப்படி நான் வடகிழக்கு வட்டாரத்துச் சிராங்கூன்வாசி. அஞ்சல் கணக்கில் 19ஆம் வட்டாரத்தவன். வாக்களிப்பதோ மரின் பரேட்-பிரேடல் ஹைட்ஸ் குழுத்தொகுதியில். பிரேடல் ஹைட்ஸ் ஒரு காலத்தில் தனித்தொகுதியாக இருந்து, 1997 தேர்தலில் கடலோரத்து மரின் பரேட்டோடு சேர்ந்தது. அதனால் என் சமூக மேம்பாட்டு மன்றம் தென்கிழக்கு! கடல் காற்று எட்டிப் பார்க்காத இடத்தில் இருந்துகொண்டு நான் தென்கிழக்குக்காரனாகிவிட்டேன். இதனால் எனக்குத் தீமை ஒன்றும் விளையவில்லை. குப்பை வாரப்படுகிறது, மின்தூக்கி ஓடுகிறது. ஆனால் தேர்தலுக்குத் தேர்தல் இடம் மாறக்கூடிய கோடு ஒன்றை ‘நகரம்’ என்ற சொல்லால் அழைக்கும்போது, உண்மையில் நகரமாக இருந்ததன் நினைவு எளிதில் மங்கிவிடுகிறது. என் நண்பரின் தவற்றுக்கும் அதுவே காரணம் என நினைக்கிறேன். இன்றைய மேயர்கள் நாடாளுமன்ற உறுப்பினர்களிலிருந்து நியமிக்கப்படுபவர்கள். 1957இன் மேயரோ, மக்கள் தேர்ந்தெடுத்த மன்றம் ஒன்றின் தலைவர். ஒரே சொல் இரண்டு பதவிகளைக் குறிக்கிறது என்பதை எங்கேனும் எழுதி வைத்தால்தானே தெரியும்?

எனவே, தங்கள் நாளிதழ் வாயிலாக இரண்டு வேண்டுகோள்களை முன்வைக்கிறேன். மாணவர்களுக்கான தங்கள் பக்கங்களில் நகராட்சி, கிராமப்புற வாரியம், மாநகர மன்றம் ஆகிய மூன்றைப் பற்றியும் பழைய வரைபடங்களோடு ஒரு தொடர் வெளியிட வேண்டும். அடுத்ததாக, நகராட்சி எல்லை பெரிய சாலைகளைக் கடந்த இடங்களைத் தேசிய மரபுடைமைக் கழகம் ஆவணக் காப்பகத்தின் துணையோடு கண்டறிந்து, சாலையோரத்தில் பலகை நட வேண்டும். அப்பலகையில் தமிழும் இடம்பெற வேண்டும் என்று கேட்பது மொழிப்பற்றால் மட்டுமன்று. அந்த எல்லைக்குள் சாலை போட்டவர்களிலும், சாக்கடை வெட்டியவர்களிலும், தெருக்கூட்டியவர்களிலும் பெரும்பங்கினர் நகராட்சி வேலைக்கென்று வந்து இங்கேயே தங்கிவிட்ட தமிழர்கள். அவர்களுடைய பேரப்பிள்ளைகளில் சிலர் இன்றும் என் புளோக்கிலேயே இருக்கிறார்கள். தாத்தா ‘முனிசிபல்’ வேலை பார்த்தார் என்று சொல்கிறார்கள், முனிசிபல் எது என்று கேட்டால் விழிக்கிறார்கள்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
சிராங்கூன் அவென்யூ 2, சிங்கப்பூர்